ஏரிக்கரையில் எடுத்த படம்



என் மேசையில் வட்டக் கண்ணாடி ஒன்று கிடக்கிறது. கேமரா லென்சின் முகப்பில் திருகி மாட்டும் போலரைசர் ஃபில்டர் அது. அதைக் காணுந்தோறும் மனம் உறுத்துகிறது.

நம் சபையின் மூத்த தாயார் ஒருவரை, வெளிநாட்டிலிருக்கும் அவருடைய மகன் வேண்டியபடி, குத்தம்பாக்கத்து ஏரிக்கரையில் நிறுத்திப் படமெடுத்தேன். இளமையில் அவர் நாற்று நட்ட வயல்கள் அந்தக் கரையையொட்டியே இருந்தன. நீரின் பளபளப்பு படத்தைக் கெடுக்கலாகாது என்று, மலிவாய்க் கிடைத்த இந்த ஃபில்டரை மாட்டியிருந்தேன். இரண்டு மாதத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்காகப் படத்தைப் பெரிதாக்கியபோது, வானமும் நீரும் அழகாகவே இருந்தன. முகத்தின் சுருக்கங்களோ மெழுகியதுபோல் மறைந்திருந்தன.

என் கைதான் நடுங்கியது என்று முதலில் எண்ணினேன். பின்பு ஒரு பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை முக்காலியில் பொருத்தி, ஃபில்டர் இன்றி ஒரு படமும் மாட்டி ஒரு படமும் எடுத்தேன். (ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் குறைத்துவிடும், கையில் பிடித்து எடுத்தால் குற்றம் யாருடையது என்று தெரியாது.) அகலக்கோண லென்சில் வேறுபாடு தெரியவில்லை. தொலைவுக்கான லென்சில், 'ண'கரத்தின் மூன்று சுழிகளும் ஒன்றாய்க் கலங்கிப்போயின. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலத்தை ஒட்டித்தான் இதைச் செய்கிறார்கள். தகடு சமதளமாக இராவிட்டால் வரும் கோளாறு தொலைவு லென்சிலேயே அதிகம் வெளிப்படும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. ஃபில்டரின் முன்பக்கத்தை எல்சிடி திரையை நோக்கிப் பிடித்துச் சுழற்றினால், ஒரு நிலையில் திரை ஏறக்குறைய முற்றிலும் இருளவேண்டும்; ஊதா நிறம் கசிந்தால் படலம் தரக்குறைவானது. வெள்ளைத்தாளை அதன் வழியே பார்த்தால் மஞ்சள் ஏறக்கூடாது. குழல்விளக்கு அதன்மேல் வெள்ளையாய்ப் பளிச்சென்று பிரதிபலித்தால், மேற்பூச்சு இல்லை என்று பொருள்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921-இல் 'நர்குண்டா' கப்பலில் தாயகம் திரும்புகையில், நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே கடலை நோக்கினார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு கூறியிருந்தார். பட்டகம் அப்பிரதிபலிப்பை அகற்றியபின்னும் நீலம் நின்றது. முன்னிலும் ஆழமாகவே தெரிந்தது. பிரதிபலிப்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கும் தெளிந்த படிகம் அவர் கையிலிருந்தது. என் கையிலிருந்ததோ இரண்டையும் எடுத்துவிட்டது.

அந்தச் செய்தித்தாள் சோதனைக்கு அரைமணி நேரம் போதும். ஏரிக்கரைக்குப் போகுமுன் நான் அதைச் செய்திருக்கலாம்.

தாயாரின் படத்தை உள்ளங்கையளவில் அச்சிட்டு மகனுக்குக் கொடுத்தோம். அந்த அளவில் குறை தெரியாது. கூடத்தில் மாட்டப் பெரிய படம் கிடைக்குமா, பாஸ்டர் ஐயா, என்று அவர் இன்னும் கேட்கிறார்.