மரத்துப்போன விரல்கள்

ஸ்டீஃபன் டானல்ட்ஸனின் 'லார்ட் ஃபவுல்ஸ் பேன்' நாவலை நான் பாதியில் மூடி வைத்ததற்கு அதன் நாயகன் கெட்டவன் என்பது காரணமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. புத்தகத்தைச் சிபாரிசு செய்த நண்பர், நான் குறை சொல்லத் தொடங்கியதுமே, 'உனக்கு நல்லவனாக ஒரு நாயகன் வேண்டும் என்றால் தொடர்கதை படிக்கப் போ' என்று சொல்லிவிட்டார். நவீன இலக்கியம் என்றாலே நாயகன் அருவருப்பாக இருந்தாக வேண்டும் என்று ஒரு எண்ணம் நம் வட்டத்தில் பரவியிருக்கிறது. ஒருவனைக் குரூரமாகப் படைத்துவிட்டால் பாதி இலக்கியம் முடிந்த மாதிரி.

ஜி. நாகராஜனின் கந்தனை (நாளை மற்றுமொரு நாளே, 1974) யாரும் நல்லவன் என்று சொல்ல மாட்டார்கள். மனைவி மீனாவின் உடலை விற்று வரும் காசில் பிழைப்பவன். அவனோடு ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வருகிறோம். நாகராஜன் அவனுக்காக நம்மிடம் மன்றாடுவதுமில்லை, அவனைக் கூண்டில் ஏற்றுவதுமில்லை. கந்தனைப் படித்த பிறகு நான் யாரிடமும் ஏமாற்றம் என்று புகார் செய்ததாக நினைவில்லை. தாமஸ் கவனன்ட் விஷயத்தில்தான் அந்தச் சொல் வாயில் வருகிறது. ஆகவே பிரச்னை வேறெங்கோ இருக்கிறது.

புத்தகம் திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கடைக்காரர் அதை வேறு வகைப் புத்தகங்களோடு அடுக்கியிருந்தார். முன்பு அதை வைத்திருந்தவர் அட்டையின் உள்பக்கத்தில் 'பெரியவர்களுக்கான மாயக்கதை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்ததைக் கடைக்காரர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது வெளிப்படை. இந்த அடையாளமே பதிப்பாளர்கள் தந்ததுதான். டோல்கீனின் நாவல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக விற்றுத் தீர்ந்த பிறகு, பாலண்டைன் நிறுவனம் 1969 முதல் 1974 வரை இந்தப் பெயரில் ஒரு வரிசையே கொண்டுவந்தது. டானல்ட்ஸனின் முதல் மூன்று பாகங்கள் 1977இல் வெளியாயின. மொத்தம் பத்து, கடைசி 2013இல். நான் முதல் மூன்றைத்தான் படித்தேன். முதலாவதை மூடி வைத்து, பிறகு பிடிவாதமாக எடுத்து முடித்தேன்.

என்னை இழுத்தது விஷயம். நாயகன் தொழுநோயாளி. டானல்ட்ஸன் பதினாறு வயதுவரை இந்தியாவில் வளர்ந்தவர். தகப்பனார் இங்கே மிஷன் டாக்டராக இருந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். அவர் பேச்சைக் கேட்டபோதுதான் இந்த நாயகன் தோன்றினான் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். வேலூர் ஜில்லாவில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது போதாதா?

ஆரம்ப அத்தியாயங்கள் அபாரம். மாயம் ஒன்றுமில்லாத பக்கங்கள் அவை. கவனன்ட் புகழ்பெற்ற ஒரு நாவலாசிரியன். வலது கையில் பட்ட காயம் தெரியாமலே அழுகி, கடைசி இரு விரல்களும் போய்விடுகின்றன. மனைவி ஜோன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். விவாகரத்துப் பத்திரம் வருகிறது. (நம் நாட்டில் 2019இல் சட்டம் திருத்தப்படும்வரை தொழுநோய் விவாகரத்துக்குச் செல்லுபடியாகும் காரணமாகவே இருந்தது. ஜோனைத் திட்டுகிற யோக்கியதை நமக்குக் கிடையாது.) லூயிஸியானாவில் ஒரு தொழுநோய் இல்லத்தில் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்: நரம்பு சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும், கை கால்களை ஓயாமல் பார்த்துக்கொண்டே இரு, நம்பிக்கை உன்னைக் கொன்றுவிடும். பிறகு ஒருநாள் அவன் டெலிஃபோன் பில் கட்ட ஊருக்குள் நடக்கிறான். அவன் வந்துவிடக் கூடாதென்பதற்காக ஊரார் அவன் பில்லைத் தாங்களே கட்டிவிடுகிறார்கள். தன் கையால் பணம் கட்டும் உரிமைக்காக ஒருவன் இரண்டு மைல் நடக்கிறான். கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எங்கள் கிளைக்கு ஒரு கிழவி முதியோர் உதவித்தொகை எடுக்க வருவார். நோய் எப்போதோ குணமாகிவிட்டது. விரல்கள் திரும்பி வரவில்லை. மிஷினில் ரேகை பதியாது. கால் பெருவிரல் ரேகை வாங்கலாம், சாட்சி இருவர் வேண்டும், ஒருவர் பாங்கு ஆளாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியைத் தேடி எடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஃபாரத்தைக் கையில் வாங்காமல் 'மேலே வையுங்க' என்பார். கிழவி சும்மா இருக்கிறவர் இல்லை. வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கும் ஒருதரம் கிடைத்தது. பிறகொரு நாள், டீக்கடையில் சூடான தம்ளரைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, 'இந்தக் கை வெந்தாக்கூட சொல்லாது தம்பி, கண்ணுதான் பாத்துச் சொல்லணும்' என்றார். டானல்ட்ஸனின் நாற்பது பக்கமும் அதில் இருந்தது.

அவரை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய கோபத்துக்கு விலாசம் இருந்தது. ஃபாரத்தைக் கையில் வாங்காதவரைத்தான் திட்டினார்.

கவனன்ட்டின் கோபத்துக்கு அது இல்லை. டெலிஃபோன் ஆபீஸிலிருந்து வெளியே வந்தவன் ஒரு போலீஸ் காரின் முன்னால் விழுந்து, 'நிலம்' என்ற பெயருள்ள வேறொரு உலகத்தில் கண் விழிக்கிறான். லேனா என்ற பதினாறு வயதுப் பெண் அவனை மலையிலிருந்து இறக்கி, காயத்துக்கு ஒரு மண்ணைப் பூசுகிறாள். செத்த நரம்புகள் உயிர்க்கின்றன. அந்த உணர்ச்சி வெள்ளத்தில் அவன் அவளையே பலாத்காரம் செய்துவிடுகிறான். இது கனவுதான், ஆகவே எதுவும் நிஜமில்லை என்பது அவன் கட்சி. இந்த இடத்தில்தான் நான் மூடி வைத்தேன்.

நண்பர் சொல்கிறார், அதுதான் நாவலின் மையம், கனவில் செய்த குற்றத்துக்கு ஒருவன் பொறுப்பா என்ற கேள்வி. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்பதற்காக ஆசிரியர் லேனாவை என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். தனக்கு நேர்ந்ததை ஊரிடமிருந்து மறைத்து, அவன் தப்பிப் போக அவளே அவகாசம் தருகிறாள். அவளுடைய தாய் ஆட்டியாரன் விஷயம் தெரிந்த பிறகும் அவனுக்கு வழிகாட்டிச் செல்கிறாள். இந்த ஆட்டியாரன் ஒருத்திதான் நாவலின் மாயப் பகுதியில் எனக்கு மனுஷியாகத் தெரிந்தவள்; பழிவாங்கக் கூடாதென்ற பிரமாணத்தைக் கடித்துக்கொண்டு அவள் நடக்கும் அந்தப் பயணத்தைத் தனி நாவலாகவே எழுதியிருக்கலாம். ஆசிரியருக்கு அவசரம். அவளை வழியில் விட்டுவிட்டு ராட்சதனின் தோணியில் ஏறிவிடுகிறார்.

பிறகு கவனன்ட் பரிகாரம் செய்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தெய்வீகக் குதிரை லேனாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறான். குதிரை! அவள் மகிழ்ந்து போகிறாளாம். மூன்றாம் பாகத்தில் நாற்பத்துச் சொச்சம் வருஷம் கழித்துச் சித்தம் கலங்கிய கிழவியாக வந்து, இன்னமும் அவனைக் காதலித்து, அவனுக்காகவே சாகிறாள்.

தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதன் (1864) கவனன்ட்டைவிட எந்த விதத்திலும் மேலானவன் இல்லை. தன்னிடம் பரிவோடு வந்த லிஸாவை அவமானப்படுத்தி, அவள் கையில் ஐந்து ரூபிள் நோட்டைத் திணிக்கிறான். அவள் போன பிறகு பார்த்தால் அந்த நோட்டு கசங்கி மேஜைமேல் கிடக்கிறது. அந்த ஒரு நோட்டில் லிஸா முழு மனுஷியாகிவிடுகிறாள், அவனும் அம்பலமாகிவிடுகிறான். லேனாவுக்குத் திருப்பி எறிய ஒரு நோட்டு தரப்படவில்லை. அவளுடைய வேதனை கவனன்ட்டின் குற்ற உணர்வுக்கு எரிபொருள், அவ்வளவுதான்.

கந்தனை எந்த உலகமும் வரவேற்கவில்லை. கவனன்ட்டை ஒரு முழு உலகம் காத்திருந்து வரவேற்கிறது. இரண்டு விரல் இல்லாததால் அவனைப் பழைய புராண வீரன் பெரெக்கின் மறு அவதாரம் என்கிறார்கள். ஜோன் போட்ட கல்யாண மோதிரம் வெள்ளைத் தங்கம், அதில் உலகத்தையே அழிக்கும் சக்தி. எல்லாருக்கும் அவன் வேண்டும். அவனோ எல்லாரையும் எரிந்து விழுகிறான். அருவருப்பான நாயகன் என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகப் பழைய ராஜகுமாரனையே கூட்டி வந்தாயிற்று.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 'நிலத்'தில் ஆரோக்கியம் கண்ணுக்குத் தெரியும். கல்லைப் பார்த்தால் அது நலமாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். தீமை அங்கே ஒரு நோயாக, அழுகலாகப் பரவுகிறது; தீய தேவனின் பெயரே அழுக்கு என்று பொருள்படுவது. தொழுநோய் பாவமல்ல, வெறும் நரம்பு விஷயம் என்று முதல் அத்தியாயங்களில் பாடுபட்டு நிறுவிய அதே ஆசிரியர், அடுத்த முன்னூறு பக்கங்களில் நோயும் தீமையும் ஒன்று என்ற பழைய சமன்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார். ஸூஸன் ஸொன்டாக் நோயை உருவகமாக்குவதைக் கண்டித்து எழுதிய புத்தகம் அடுத்த வருஷமே, 1978இல், வந்தது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். ராத்திரியில் சிலருக்கு விரல் குறைந்துபோவதன் காரணத்தைத் தேடியபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துத் தின்பது தெரியவந்தது. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். 1966இல் அவர் போய்ச் சேர்ந்ததும் லூயிஸியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குத்தான். எலியும் பூனையும் போதுமாக இருக்கிற ஒரு விஷயத்துக்கு டானல்ட்ஸன் தீய தேவனையும் மந்திர மோதிரத்தையும் தேடிப் போயிருக்க வேண்டாம்.

நண்பர் மீதி ஏழு பாகங்களையும் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கவனன்ட் டெலிஃபோன் பில் கட்ட நடக்கிற பக்கங்களை மட்டும் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். போலீஸ் கார் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.