கோஷ்டியில் ஒரு மெஷின்!

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் திருப்பத்தூர் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டும் கிடைத்து, 'அப்பாடா' என்று நான் கண்ணை மூடிய நேரம் பார்த்துத்தான் என் அக்கா மகன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"மாமா, உங்களுக்கு டெக்னோ பிடிக்குமா, ஹவுஸ் பிடிக்குமா?"

ஹவுஸ் என்றால் எனக்கு ஹவுஸிங் லோன்தான் ஞாபகம் வரும். இன்னும் ஏழு வருஷ பாக்கி. "பிடிக்காதுடா" என்றேன்.

பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி அதே லேப்டாப்பில் மியூசிக். எந்நேரமும் தலையில் பெரிய ஹெட்போன். நாம் பத்து தடவை கூப்பிட்டால் பதினோராவது தடவை, "என்ன மாமா, கூப்ட்டீங்களா?" என்பான்.

"எல்லாமே டொம்... டொம்... டொம்தானேடா? இதுல என்ன பேரு வேண்டிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! சங்கீத ரசிகரிடம் போய், 'தோடியும் பைரவியும் ஒண்ணுதானே சார்?' என்றால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தான். பிறகு வகுப்பு ஆரம்பமானது.

குன்றக்குடி வருவதற்குள் ஹவுஸ் முடிந்தது. சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு கிளப். அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் ரிக்கார்டு போடுவார். அந்தக் கிளப் பெயரின் வால்தான் 'ஹவுஸ்' என்று நிலைத்ததாம். நிமிஷத்துக்கு 120 முதல் 130 தட்டு. நாலுக்கு நாலும் விடாமல் டொம்.

டெக்னோ என்பது டெட்ராய்ட் சரக்கு. கார் தொழிற்சாலை ஊர். பக்கத்து பெல்வில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் மூன்று பேர் - ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் - 1980களில் கிளப்பி விட்டது. 'இது மெஷின் சத்தம்தான், அதுக்கென்ன இப்போ?' என்று கூச்சப்படாமல் கேட்கிற இசை.

ஆம்பியன்ட் என்று ஒன்று. இதில் தட்டே கிடையாது. பிரையன் ஈனோ என்கிற இங்கிலாந்துக்காரர் 1978ல் ஏர்போர்ட்டுக்காகவே ஒரு ஆல்பம் போட்டார். கேட்கிறவனைத் தொந்தரவு செய்யாமல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆபீஸில் மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் நிலவுவது இந்த ஜாதி இசைதான் என்று புரிந்துகொண்டேன்.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான். "இது டிரம் அண்ட் பேஸ் மாமா. லண்டன் பக்கம் பொறந்தது. நிமிஷத்துக்கு நூத்தி எழுபதுக்கு மேல!"

"டேய், அது என் பிரஷருடா!"

திருப்பத்தூரில் இறங்கினோம். (வாணியம்பாடிப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். பஸ் ஏறும்போது கவனம்!) அங்கிருந்து சிவகங்கை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் திருக்கோஷ்டியூர்.

*

அக்காவிடம் நான் சொல்லியிருந்த காரணம், சௌமிய நாராயணப் பெருமாள் சேவை. அது பாதிதான் நிஜம். மீதியை அக்காவிடமும் சொல்லவில்லை, பையனிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு காலத்தில் கீபோர்டு வாசித்தவன். காரைக்குடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் கோஷ்டி. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா, எதுவானாலும் வேனில் கிளம்பிவிடுவோம். எங்களுக்குத் தபேலா, டோலக், இரண்டுமே ஒரே ஆள்தான். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மேடையில் நான் தாளம் தப்பினால் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் ஒரு அரைத் தட்டு தள்ளி வந்து, தப்பியது நானில்லை என்கிற மாதிரி செய்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன்.

1986ல் 'புன்னகை மன்னன்' வந்தபோதே இளையராஜா கம்ப்யூட்டரில் மியூசிக் போடுகிறார் என்று ஊரே பேசியது. 1992ல் 'ரோஜா' வந்தது. 1994ல் 'காதலன்'. "அந்தச் சத்தம் வருமாப்பா உங்க கோஷ்டியில?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் மெட்ராஸ் போய் செகண்ட் ஹேண்டில் ஒரு ரிதம் பாக்ஸ் வாங்கி வந்தேன். டிபன் பாக்ஸ் சைஸ். அதற்குச் சாப்பாடு வேண்டாம், பேட்டா வேண்டாம், வேனில் சீட் வேண்டாம். அண்ணனுக்கு அப்போது ஒரு கச்சேரிக்கு நூற்றைம்பது ரூபாய். கணக்குப் போட்டோம். கணக்குச் சரியாகத்தான் வந்தது.

அவரிடம் 'வர வேண்டாம்' என்று யாருமே சொல்லவில்லை. அதுதான் விஷயம். ஒரு சாயங்காலம் வேன் அவர் தெருவில் நிற்காமல் போனது. தபேலாப் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்த்தேன். பார்க்காத மாதிரி பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினேன்.

அன்றைக்கு ராத்திரியே சாமி கேட்டது. அம்மன் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் கட். தபேலா இருந்தால் அதுபாட்டுக்கு ஓடியிருக்கும். பாடகி மட்டும் தனியாக அந்தரத்தில் நின்றார். ஜெனரேட்டர் போட்டதும் என் மெஷின் உயிர் பெற்று, தனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததை வாசிக்க ஆரம்பித்தது. 'போஸா நோவா'! பிரேசில் தாளத்தில் ஆத்தாளை அழைத்த ஒரே கோஷ்டி உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். இரண்டு வருஷத்தில் கோஷ்டி கலைந்தது. நான் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போனேன்.

அண்ணன் இப்போது மகளோடு திருக்கோஷ்டியூரில் இருக்கிறார் என்று போன மாசம்தான் தெரிந்தது.

*

ஊர்ப் பெயரே நம்ம தொழில் பெயர்தான். இரணியனை என்ன செய்வது என்று தேவர்கள் கோஷ்டியாகக் கூடிப் பேசிய இடம், அதனால் கோஷ்டியூர் என்பது தல புராணம். பெரியாழ்வார் பாடிய ஊர். மாசி மாதம் தெப்பத்தின்போது குளக்கரை முழுக்க அகல் விளக்காக இருக்கும். வேண்டிக்கொண்டு ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். நினைத்தது நடந்தால் மறுவருஷம் வந்து ஏற்றுவார்கள்.

கோயிலுக்குள் போனதும் ஹெட்போன் பைக்குள் போனது. அஷ்டாங்க விமானம். கீழே நர்த்தன கிருஷ்ணன். மேலே ஏறினால் பள்ளிகொண்ட பெருமாள். அதற்கு மேல் நின்ற கோலம். உச்சியில் அமர்ந்த கோலம்.

"மாமா, நாலு டிராக் மாதிரி இல்ல? கீழ ஆடுறது ஹவுஸ், படுத்திருக்கிறது ஆம்பியன்ட்..."

"கன்னத்துல போட்டுக்கடா!" என்றேன். போட்டுக்கொண்டான்.

குறுகலான படியில் குனிந்து மேலே வந்தால், தெருவைப் பார்த்தபடி ராமானுஜர் சிலை. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். திருமந்திரத்தின் பொருள் கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் நடையாக நடந்தார். வாசலில் நின்று, 'நான் வந்திருக்கிறேன்' என்பாராம். 'நான் செத்த பிறகு வா' என்று பதில் வருமாம். பதினெட்டாவது தடவை 'அடியேன் வந்திருக்கிறேன்' என்றதும் கதவு திறந்தது. வெளியே சொன்னால் நரகம் என்ற கண்டிப்போடுதான் உபதேசம். அவரோ நேராக இங்கே ஏறி, ஊரைக் கூட்டி, அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். நான் ஒருத்தன் நரகம் போனால் போகிறேன், இத்தனை பேர் கரையேறட்டுமே என்று! நம்பியே நெகிழ்ந்துபோய் 'எம்பெருமானார்' என்று கட்டிக்கொண்டாராம்.

பையன் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தான். "எங்க மியூசிக்கும் இப்படித்தான் மாமா பரவிச்சு" என்றான்.

ஆரம்பத்தில் சின்தசைசர் என்பது பெரிய இடத்துப் பொருளாம். நம் நாட்டில் 1969லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சின்தசைசர் வந்திருக்கிறது. அமெரிக்காவின் டேவிட் டியூடர் வந்து ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் இசை செய்தார்கள். அந்த டேப்புகள் அலமாரியில் தூங்கி, 2023ல்தான் ஆல்பமாக வெளியே வந்தன.

ஜப்பான் ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் இரண்டு பெட்டிகள் போட்டது. 808 என்பது டிரம்ஸுக்கு. 303 என்பது பேஸ் கிடாருக்குப் பதிலாக. 303 வாசித்தால் கிடார் மாதிரியே இல்லை, கொசு வாயைக் கட்டிப் போட்ட மாதிரி 'கொய்ங்' என்றது. விற்கவில்லை. 1984ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்க, சிகாகோ பையன்கள் வாங்கி, இஷ்டத்துக்குக் குமிழைத் திருகி, 1987ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று ஒன்றைப் போட்டார்கள். ஆசிட் ஹவுஸ் பிறந்தது. கம்பெனி கைவிட்டது, தெருவுக்குக் கிடைத்தது.

"நல்ல கதைடா" என்றேன். சிலையைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் எல்லோருக்கும் கொடுத்தார். நான் வாங்கின பெட்டி, ஒருத்தர் கையில் இருந்ததைப் பிடுங்கித்தானே வேலை செய்தது?

*

அண்ணன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். "யாரு?" என்று குரல் வந்தது. 'நான்தாண்ணே' என்று சொல்ல வாயெடுத்து, காலையில் கேட்ட கதை ஞாபகம் வந்து பேரைச் சொன்னேன்.

"அட, கீபோர்டு தம்பியா? வாப்பா, வா வா!"

எழுபத்து மூன்று வயது. முட்டி வலி. கோஷ்டி போன பிறகு சைக்கிள் கடை வைத்தாராம். அதிலேயே பெண்ணைக் கட்டிக் கொடுத்தாராம். தபேலா? "தோலு கிழிஞ்சுது, அப்புறம் போடலை" என்றார், ஏதோ கூரை ஓடு உடைந்ததைச் சொல்கிற மாதிரி.

காபி வந்தது. எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பையன்தான் காப்பாற்றினான். "தாத்தா, ஒண்ணு போடறேன், கேக்குறீங்களா?" என்று சின்ன ஸ்பீக்கரை எடுத்து வைத்தான்.

டொம்... டொம்... அதன் மேலே அந்தக் கொசு.

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "டேய், இது நம்ம இந்தோளம்டா!"

பையன் ஆடிப்போய்விட்டான். அது மால்கௌன்ஸ். வடக்கே அந்தப் பேர், நமக்கு ஹிந்தோளம். வாசித்தவர் மும்பை சினிமா கோஷ்டிகளில் கிடார் வாசித்த சரண்ஜித் சிங். 1982ல், அதாவது சிகாகோ பையன்களுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, அதே 808, 303, கூட ஜூபிட்டர்-8 என்ற சின்தசைசர், மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எல்.பி. போட்டார். யமன், அதாவது நம்ம கல்யாணி. பூபாலி, அதாவது நம்ம மோகனம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010ல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மறுபடி வெளியிட, ஆசிட் ஹவுஸுக்கு முப்பாட்டன் இவர்தானா என்று உலகமே வாயைப் பிளந்தது. வயதான காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய் மேடையேறினார். 2015ல் காலமானார்.

பையன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் விரல் ஸ்டூல் மேல் இறங்கிவிட்டது. டொம்முக்கும் டொம்முக்கும் நடுவே பூந்து, சுற்றி வந்து, லேசாகப் பிந்தி உட்கார்ந்தது. பையன் சத்தமில்லாமல் போனில் பதிவை ஆன் செய்தான். எட்டு நிமிஷம். முடித்து, முட்டியைத் தடவிக்கொண்டார்.

"தாத்தா, நீங்க ஒவ்வொரு தட்டும் ஒரு நூல் பிந்தி வர்றீங்க. அதான் அழகு. மெஷின் கோட்டு மேலயே நிக்கும். அதுக்காக எங்க சாஃப்ட்வேர்ல 'ஹ்யூமனைஸ்'னு ஒரு பட்டன் வெச்சிருக்கான். அமுக்கினா வேணும்னே லேசா முன்னப் பின்ன வாசிக்கும், மனுஷன் மாதிரி!"

"அட படுபாவி! அந்தப் பட்டனைத் தேடறதுக்கு என்னை அனுப்பிச்சிட்டீங்களாடா?" என்று அண்ணன் சிரித்த சிரிப்பில் மகளே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

1982ல் லண்டனில் இசைக்கலைஞர் சங்கக் கிளை ஒன்று, சின்தசைசருக்குத் தடை போட வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியதாம். பையன் அதையும் சொன்னான். "அவங்களுக்குச் சங்கம் இருந்துச்சு. எனக்குத் திண்ணைதான் இருந்துச்சு" என்றார் அண்ணன், அதே சிரிப்போடு.

இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, அன்னிக்கு வேன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"பார்த்தேன் தம்பி. பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தே."

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் புஸ்தகம் நேராக இருந்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காபி தம்ளரைக் குனிந்து பார்த்தேன். அவர் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டாவது, கொஞ்சம் பிந்தி.

கிளம்பும்போது பையன் கேட்டான். "தாத்தா, இதை வெச்சு ஒரு டிராக் செய்யறேன். உங்க பேரு போடலாமா? பணம் வந்தா பாதி உங்களுக்கு."

அண்ணன் யோசித்தார்.

"போடு. ஆனா ஒண்ணு. கச்சேரின்னா வேன் எங்க தெருவுல நின்னுட்டுத்தான் போகணும்."