இருபது நிமிடமும் இருபது மணி நேரமும்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். "நம் குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியா, நல்ல உணவும் தக்க வெப்பமும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். காலை 9 மணிக்கு ஒன்று இருந்தால் மாலை 4 மணிக்கு எத்தனை இருக்கும்?"

தாவரவியல் வகுப்பில் கணக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினோம். 7 மணி நேரத்தில் 21 பிளவுகள். விடை 20,97,152. வகுப்பே வியந்தது. அதே வினா தேர்விலும் வந்தது. முழு மதிப்பெண் பெற்றேன். அந்த மதிப்பெண்ணின் உண்மையான மதிப்பு என்ன என்பதை என் வீடுதான் எனக்குப் பின்னால் கற்றுக் கொடுத்தது.

பாக்டீரியாவைப் பற்றி நாங்கள் படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே செல்தான் அதன் முழு உடல். அந்தச் செல்லுக்குள் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. பெரும்பாலானவற்றில் வளையமாக மூடிய டி.என்.ஏ. இழை ஒன்று சைட்டோபிளாசத்திலேயே சுருண்டு கிடக்கும். சுற்றிலும் உறுதியான செல்சுவர். ஈ.கோலியின் நீளம் சுமார் 2 மைக்ரான். 500 செல்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளைக் கொண்டு 1670களில் இவ்வுயிர்களைக் கண்டார். 1683இல் தம் பல்லில் படிந்த அழுக்கிலும் அவற்றைக் கண்டு லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

இவை எல்லாமே நமக்குப் பகை அல்ல. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். நிலக்கடலையின் வேர் முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவதும் பாக்டீரியாதான்.

இத்தனையும் மனப்பாடமாக அறிந்திருந்த என் வீட்டுக்குள்ளேயே ஒரு பாக்டீரியா குடியிருந்தது.

அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர். பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கு இருமல் சகஜம் என்று ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டோம். உடல் மெலிந்து, மாலைதோறும் காய்ச்சல் வரத் தொடங்கிய பிறகே அரசு மருத்துவமனைக்குப் போனோம். சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். மாத்திரைகளை இலவசமாகவே கொடுத்து, ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று முதல் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. அக்கம்பக்கத்தாரிடம் "நெஞ்சுச் சளி" என்று மட்டும் சொன்னோம். அம்மா அப்பாவுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கினார். அப்பா எதுவும் சொல்லாமல் அவற்றைத் தாமே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. எடை கூடியது. மாத்திரையால் வயிறு புரட்டுகிறது, சிறுநீர் செந்நிறமாகப் போகிறது என்று சலித்துக்கொண்டிருந்த அப்பா, ஒரு நாள் அட்டையை அலமாரியில் போட்டுவிட்டார்.

"உடம்புதான் தேறிடுச்சே கண்ணு. நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மருந்து?"

முழு மதிப்பெண் வாங்கிய மாணவி நான், வாய் திறக்கவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பத்து நாள் கழிந்தது. ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் நுண்நோக்கியில் ஒரு நிலைத்த கண்ணாடித் தகட்டை வைத்து, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். "இதுதான் காசநோய்க் கிருமி. 1882 மார்ச் 24இல் ராபர்ட் காக் பெர்லினில் இதை உலகுக்கு அறிவித்தார். இதன் சுவரில் மெழுகு போன்ற பொருள் நிறைந்திருக்கிறது. சூடுகாட்டி ஏற்றிய சிவப்புச் சாயத்தை அமிலத்தால் கழுவினாலும் விடாது. இது ஒரு முறை பிளக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தொடர்ந்தார். "மெதுவாக வளர்வதால் இதை ஏழை எளியது என்று எண்ணாதீர்கள். மருந்துகளில் சில, கிருமி வளர்ந்து புதுச் சுவர் கட்டும்போதுதான் அதைத் தாக்கும். வளராமல் அடங்கிக் கிடப்பவை தப்பிவிடும். முதல் இரண்டு மாதத்தில் பெரும்பகுதி அழியும். நோயாளிக்கு நோய் போய்விட்டது போலிருக்கும். மீதி நான்கு மாதமும் அடங்கிக் கிடப்பவற்றுக்காக. பிளக்கும்போது டி.என்.ஏ.வில் நேரும் பிழையால், ஏதோ ஒன்று ஒரு மருந்துக்கு அடங்காததாகப் பிறந்துவிடலாம். அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால், மிஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவை மேலோங்கவும் கூடும்."

அந்தச் சிவப்புக் குச்சிகள் என் கண்ணை விட்டு அகலவில்லை. வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "இது வெட்கப்பட வேண்டிய நோயல்ல அம்மா. நம் சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவரைப் போலவே குணமாகலாம் என்று 1959இல் உலகுக்கே காட்டியது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. இருமலில் காற்று வழியாகப் பரவும் நோய் இது. தட்டாலும் டம்ளராலும் பரவாது. இன்றைக்கே போய் அப்பாவிடம் பேசு" என்றார்.

அன்றிரவு அப்பாவின் அருகில் நோட்டுடன் உட்கார்ந்தேன். ஈ.கோலியின் கணக்கை ஒரு பக்கமும், காசநோய்க் கிருமியின் கணக்கை மறுபக்கமும் போட்டுக் காட்டினேன். "ஏழு மணி நேரத்துல அது இருபது லட்சம் ஆகுதுங்க அப்பா. இது அதுக்குள்ள ஒருதரம் கூடப் பிளக்காதுங்க. அடங்கிக் கெடக்கறதால மருந்துக்குத் தப்பிச்சுக்குது. அதுக்குத்தான் ஆறு மாசம்."

அப்பா நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவுல ஒரு இழை அறுந்ததைப் பார்க்காம தறிய ஓட்டினா, துணி நெடுகக் கோடு விழும். அப்படியா?"

"அப்படித்தானுங்க அப்பா."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். சளியை மறுபடி சோதித்தார்கள், கிருமி தென்படவில்லை. விட்ட நாட்களையும் சேர்த்து முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி மருந்தைத் தொடர்ந்தார்கள். அம்மா தினமும் மாத்திரை கொடுத்ததும் நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்தார். தனித் தட்டு மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது. கடைசிப் புள்ளி வைத்த நாளில் அம்மா பாயசம் செய்தார். இப்போது அப்பா பழையபடி தறிக்குப் போகிறார்.

நண்பர்களே, நாம் படிப்பதில் பெரும்பகுதியை விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறோம். நம் வீடுகளில் நமக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் பலருக்கு இல்லை. அங்கே பாடம் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். எனக்குப் பத்து நாள் தாமதமாயிற்று. உங்களுக்கு ஒரு நாளும் ஆக வேண்டாம்.