இந்தத் தகவல் எத்தனை மணிக்கு வந்தது?

மீட்டிங் ரூம் வாசலில் மாட்டியிருக்கும் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. நடந்துகொண்டே ஒரு பார்வை, அவ்வளவுதான். இப்போது உள்ளே போகலாமா, போனால் எத்தனை மணி வரை உட்காரலாம் என்ற இரண்டுக்கும் அந்த ஒரு பார்வையில் பதில் கிடைத்துவிட வேண்டும். இதற்குப் போய்த் தனியாக ஒரு சர்வர் எதற்கு என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆயத்தமாகக் கிடைக்கும் பலகைகள் பலவற்றுக்குக் கதவுக்கு இவ்வளவு என்று மாத வாடகை உண்டு. யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் போய் உட்காரும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: பலகை பொய் சொன்னால், ஏன் சொன்னது என்று திறந்து பார்க்க என்னால் முடிய வேண்டும்.

பம்பு, வால்வு வடிவமைக்கும் கோவை அலுவலகம் எங்களுடையது. அறைகளுக்கு நொய்யல், பவானி, அமராவதி, சிறுவாணி என்று நம் பக்கத்து ஆறுகளின் பெயர். சர்வர் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓய்வு கொடுத்த ஒரு டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பைதானில் எழுதிய நிரல். அலுவலக மின்னஞ்சல் நாட்காட்டியிலிருந்து வரும் பதிவுகளும், கதவிலேயே இருக்கும் ‘இப்போதே எடு’ பொத்தானிலிருந்து வரும் பதிவுகளும் இங்கே ஒரே அட்டவணையில் சேரும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு படத்தை வரைந்து சர்வர் அனுப்பும். பலகை அதைக் காட்டும்.

பலகைக்குப் பழைய ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுகளை மாட்டலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். மாட்டலாம், ஆனால் இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பிக்கொண்டு திரையையே நெம்பிவிடும். அதனால் மூன்று கதவுகளில் ராஸ்பெரி பை, ஏழு அங்குலத் திரை. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. 802.3ஏஎஃப் தரப்படி சுவிட்ச் 15.4 வாட் தரும், கேபிள் இழப்பு போக மறுமுனையில் 12.95 வாட் கிடைக்கும். இதற்கு அது தாராளம். சுவரைக் குடைந்து பிளக் பாயின்ட் வைக்கிற செலவு மிச்சம். நான்காவது கதவான சிறுவாணியில் மின்தாள் (இ-பேப்பர்) திரை. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இரட்டைப் பதிவைத் தடுப்பதில் நிரலை நம்பக்கூடாது என்பது என் கட்சி. “அறை காலியா என்று பார், காலியென்றால் எழுது” என்று நிரல் எழுதினால், ஒரே கணத்தில் இரண்டு பேர் பார்ப்பார்கள், இரண்டு பேருக்கும் காலியென்றே தெரியும், இரண்டு பேரும் எழுதிவிடுவார்கள். 2012இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.2இலிருந்து தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரு நேர இடைவெளியை ஒரே மதிப்பாகச் சேமிக்கலாம். ஒரே அறையில் ஒன்றின்மேல் ஒன்று விழும் இரு இடைவெளிகளை ஏற்காதே என்று அட்டவணைக்கே கட்டளையும் இடலாம். பிந்தி வந்தவரைத் தரவுத்தளமே திருப்பி அனுப்பிவிடும். தொடக்கக் கணம் இடைவெளிக்குள் சேரும், முடிவுக் கணம் சேராது என்று வைப்பது அவசியம். இல்லாவிட்டால் பத்திலிருந்து பதினொன்று வரை ஒருவரும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை இன்னொருவரும் கேட்டால், பதினொரு மணி என்ற அந்தப் புள்ளியில் இருவரும் மோதிக்கொள்வார்கள்.

நாட்காட்டிக் கோப்புகளைப் படிப்பது தனி வித்தை. ஐகேலண்டர் வடிவம் 1998இல் தரமாக வெளிவந்து, 2009இல் ஆர்.எஃப்.சி. 5545 ஆகத் திருத்தப்பட்டது. திங்கள்தோறும் நடக்கும் கூட்டம் அதில் திங்கள்தோறும் எழுதப்பட்டிருக்காது. ஒரே ஒரு பதிவும், ‘வாரம் ஒருமுறை’ என்ற விதியும் மட்டுமே இருக்கும். தீபாவளி வாரத்தை ரத்து செய்தால் அந்தத் தேதி விலக்காகக் கூடவே வரும். ஒரு வாரம் மட்டும் மூன்று மணிக்குத் தள்ளினால், இன்ன தேதிக்குரிய கூட்டத்தின் மாற்று என்று தனிப் பதிவு வரும். விதியை மட்டும் விரித்து மாற்றைக் கவனிக்காத நிரல் அன்றைக்கு இரண்டு கூட்டங்களைக் காட்டும். முழுநாள் பதிவில் இன்னொரு சூட்சுமம்: ஜனவரி 14 அன்று முழுநாள் என்றால் முடிவுத் தேதி 15 என்றுதான் கோப்பில் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மறுநாளும் அறை பூட்டிக்கிடக்கும்.

எங்களுக்கு ஜெர்மனியில் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்கள் வைக்கும் வாராந்திர அழைப்பு பெர்லின் நேரம் காலை 10:30. கோடையில் அது நமக்குப் பிற்பகல் 2:00. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் நமக்கு 3:00 ஆகிவிடும். இரண்டு மணி என்று இந்திய நேரத்தில் மாற்றி வைத்துக்கொண்ட அட்டவணை குளிர்காலம் முழுக்கத் தவறாகவே ஓடும். தொடர்கூட்டத்தை, அது பிறந்த ஊரின் நேர மண்டலத்தோடு வைத்திருந்து, ஒவ்வொரு தேதிக்கும் அன்றன்று கணக்கிட வேண்டும். கடிகாரத்தைத் தொடாத நாட்டில் இருப்பதால் இது நமக்கு லேசில் உறைப்பதில்லை.

கடிகாரம் என்றதும் மின்தடைக்கு வந்துவிடுகிறேன். துணைமின்நிலையப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்தினால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள ஆகும் சில விநாடிகளில் பலகைகள் அணைந்து எழும். திடீர் திடீரென்று மின்சாரம் போனால் எஸ்.டி. கார்டு கெடும் என்று, எழுத முடியாதபடி அதைப் பூட்டிவைப்பது வழக்கம். ஆனால் ராஸ்பெரி பையில் ஐந்தாம் தலைமுறைக்கு முன்பு வந்த மாடல்களில் தனிக் கடிகாரச் சில்லு கிடையாது. கடைசியாகப் பார்த்த நேரத்தைக் கார்டில் எழுதிவைத்து, எழும்போது அதிலிருந்துதான் தொடங்கும். கார்டைப் பூட்டியபின் எங்கே எழுதுவது? கார்டைப் பூட்டிய நாளிலேயே அது ஒவ்வொரு முறையும் கண்விழிக்கும். அந்தப் பழைய தேதியில் பார்த்தால், பிற்பாடு புதுப்பித்த சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கியே இருக்காது, எனவே இணைப்பும் மறுக்கப்படும். கார்டைக் காப்பாற்றிய ஏற்பாடு கதவைக் கவிழ்க்கும். தீர்வு எளிது: நேரம் சரியாகும் வரை பலகை படம் கேட்டுச் சர்வரைக் கூப்பிடவே கூடாது, சரியான நேரத்தை அலுவலகத்துக்குள் இருக்கும் அந்த டெஸ்க்டாப்பே வழங்க வேண்டும். டெஸ்க்டாப் தன் நேரத்தைத் தேசிய இயற்பியல் ஆய்வகத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்த ஆய்வகத்தோடோ தேசிய தகவல் மையத்தோடோ, அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடோ நேரத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவும்கூட.

இப்போது மின்தாள். ஒருமுறை வரைந்த படம் மின்சாரமே இல்லாமல் அப்படியே நிற்கும் என்பதுதான் அதன் பெருமை. சுவரில் அது அத்தனை அழகு, கண்ணையும் உறுத்தாது. என் பயமும் அங்கேதான். எல்.சி.டி. செத்தால் இருண்டுபோய் ஊருக்கே தெரிவிக்கும். மின்தாள் செத்தால் செவ்வாய்க்கிழமை வரைந்ததை வெள்ளிக்கிழமையும் அதே தெளிவோடு காட்டும். பஸ் ஸ்டாண்டில் பெயின்டில் எழுதிய நேர அட்டவணை பழசாகியிருக்கும் என்று நமக்குத் தெரியும், பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். அலுவலகக் கதவில் இருக்கும் மின்னணுப் பலகையை யாரும் அப்படிச் சந்தேகிப்பதில்லை.

ஆகவே சிறுவாணிப் பலகையில் ‘காலி’ என்ற சொல்லே கிடையாது. ‘காலி’ என்பது இந்தக் கணத்தைப் பற்றிய கூற்று, கணம் போனதும் பொய்யாகிவிடும். அதற்குப் பதில் தேதியும் கிழமையும் பெரிய எழுத்தில், கீழே அன்றைய கூட்டங்கள் நேரத்தோடு, அடியில் ‘9:42க்குக் கிடைத்த தகவல்’ என்ற வரி. பேட்டரி தீர்ந்து உறைந்துபோனாலும் இந்தப் படம் ஒருவரையும் ஏமாற்றாது. தேதியைப் பார்த்ததுமே பழசு என்று புரிந்துவிடும். சிவப்பும் சேர்ந்த மூவண்ண மின்தாள்கள் ஒரு படத்தை மாற்றப் பெரும்பாலும் பதினைந்து விநாடியாவது கண்சிமிட்டும் என்பதால் கறுப்பு வெள்ளையோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்.சி.டி. பலகைகளுக்கும் இதே கண்டிப்புதான். சர்வர் அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் காலாவதி நேரம் உண்டு. அதற்குள் அடுத்தது வராவிட்டால், பலகையில் ஓடும் சிறு நிரல், காலி என்று காட்டும் பச்சையையும் கூட்டம் என்று காட்டும் சிவப்பையும் அழித்துவிட்டு, ‘10:05க்குப் பிறகு தகவல் இல்லை’ என்று சாம்பல் நிறத்தில் எழுதும். சர்வர் உயிரோடிருந்து, நாட்காட்டியோடு மட்டும் தொடர்பு அறுந்தாலும் இதே நிலைதான். பல அமைப்புகள் கோட்டைவிடும் இடம் இது. பலகைக்கும் சர்வருக்கும் பேச்சுவார்த்தை நன்றாக நடக்கும். சர்வர் கையில் இருப்பதோ காலையில் வாங்கிய நாட்காட்டியாக இருக்கும். படம் வரைந்த நேரத்தைப் போடாமல், நாட்காட்டியைக் கடைசியாகச் சரியாக வாசித்த நேரத்தைப் பலகையில் போட வேண்டும். சாம்பல் திரை அசிங்கமாக இருக்கிறது என்றார் ஒரு மேனேஜர். இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். நிறத்தோடு சொல்லையும் எழுதியிருக்கிறேன், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு.

தமிழில் பெயர் எழுதுவதில் ஓர் எச்சரிக்கை. பைதானின் பில்லோ படநூலகத்தோடு ராக்ம் என்ற துணைநூலகம் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கிவிடும். ‘நொய்யல்’ என்பதில் ந-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது தெரியவே வராது.

கூட்டத்தின் தலைப்பைக் கதவில் காட்டலாமா என்று ஒரு விவாதம் வந்தது. ‘சம்பள உயர்வு’ என்ற தலைப்பும் ஓர் ஊழியரின் பெயரும் நடைபாதையில் ஒளிர்ந்தால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரில் அறைக்கென அஞ்சல்பெட்டி உருவாக்கினால், இயல்பான அமைப்பிலேயே தலைப்பை நீக்கிவிட்டு அழைத்தவரின் பெயரை அங்கே வைக்கும். அதைச் செய்தவர்கள் அனுபவப்பட்டவர்கள். நாங்களும் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

பலகையை எங்களைவிட நம்பியது ஹவுஸ்கீப்பிங் அக்காதான். எந்த அறையை எப்போது கூட்டிப் பெருக்கலாம் என்று அதைப் பார்த்தே முடிவு செய்வார். ஒரு நாள் வந்து, “ஏனுங் தம்பி, பவானில செவப்பு எரியுது, உள்ள ஒருத்தரையும் காணமுங்க. கூட்டட்டுங்களா?” என்று கேட்டார். பதிவு செய்துவிட்டு வராமல் போகிற கூட்டங்களை எந்த நாட்காட்டியும் அறியாது. அதற்காகப் பலகையில் ‘வந்துவிட்டோம்’ பொத்தான் வைத்தோம்: தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் யாரும் தொடாவிட்டால் சர்வர் அந்த நேரத்தை விடுவித்து, பதிவு செய்தவருக்கு மெயில் அனுப்பும். மேனேஜர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அமராவதிக்கு மட்டும் இந்த விதி கிடையாது. ஜெர்மன்காரர்களோடு வீடியோ அழைப்பு நடப்பது அங்கேதான். நம்மாட்கள் தாமதமாக வந்தாலும் அந்த அறை கைமாறக்கூடாது என்று எம்.டி. சொல்லிவிட்டார்.