முட்டை எண்ணப் போன கதை

கையில் ஒரு படிவத்தோடுதான் போனோம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த டீச்சர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். காலனி அங்கன்வாடியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஆய்வு செய்வது எங்கள் திட்டம். கட்டடம் யார் நிலத்தில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா, வாரத்துக்கு மூன்று முட்டை வந்து சேருகிறதா, சமைப்பவர் யார், அதனால் சாப்பிடாமல் போகிறவர்கள் உண்டா. இப்படி இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றாவது கேள்வி மட்டும் கல்வியைப் பற்றியது: "முன்பருவக் கல்வி நடக்கிறதா? ஆம் / இல்லை."

அந்தப் படிவத்தைத் தயாரித்ததும் நாங்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேரிப் பிள்ளை என்றதும் அரசுக்கு வயிறு மட்டும்தான் தெரிகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் நாங்கள். எங்கள் படிவத்திலும் அந்தப் பிள்ளைக்கு வயிறுதான் இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போவதாக ஏற்பாடு. டீச்சர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "இருபத்தொண்ணுக்கு ஆமான்னு டிக் பண்ணிட்டுப் போயிடுவீங்களா தோழர்? ஒக்காந்து பாருங்க" என்றார். ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்தோம்.

ஒரே அறை. அதை ஒட்டி சமையலுக்கு ஒரு சிறு அறை. பத்தொன்பது பிள்ளைகள். நான்கு சுவர்களிலும் தரையிலிருந்து எங்கள் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. இரண்டரை வயதுப் பிள்ளை நின்றபடி கிறுக்குவதற்கான உயரம் அது. காலையில் ஆயாம்மா தெருத்தெருவாகப் போய், இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு பிள்ளைகளாகப் பிடித்துக்கொண்டு வருவார். அவர்களில் ஒன்றாவது அழுதுகொண்டிருக்கும். வாசலில் டீச்சர் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் முழுப்பெயர் சொல்லி, "வாங்க, உள்ள வந்து ஒக்காருங்க" என்பார். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று முதல் நாள் எங்களுக்கே சிரிப்பு வந்தது. மறுநாள் டீக்கடை ஓரமாக நின்றிருந்தபோது, ஊர்த்தெருப் பையன் ஒருவன், பத்து வயதுகூட இருக்காது, ஐம்பது வயதைத் தாண்டிய காலனிக்காரர் ஒருவரை "டேய்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர் திரும்பி "இன்னா சாமி" என்றார். அதற்குப் பிறகு அந்த "வாங்க" எங்களுக்குச் சிரிப்பாக இல்லை.

உள்ளே வந்ததும் வட்டமாக உட்காருவார்கள். "இன்னிக்கு இன்னா சாப்ட்டீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேள்வி. கூழு, பழையது, டீயும் பன்னும், ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லை என்று சொன்ன பிள்ளையை ஆயாம்மா சத்தமில்லாமல் சமையலறைக்குக் கூட்டிப்போவார். இதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தோம். பேச வேண்டும், தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டும், அடுத்த பிள்ளை பேசும்போது கேட்க வேண்டும். அந்த வயதில் இது பெரிய பாடம். எங்கள் அமைப்புக் கூட்டங்களில் சிலருக்கு இன்னும் வராத பாடம்.

பிறகு பிரிக்கும் விளையாட்டு. ஒரு முறத்தில் புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, கூழாங்கல், பாட்டில் மூடி எல்லாம் கலந்து கிடக்கும். சின்னதுகள் வாயில் போட்டுவிடாமல் ஆயாம்மா பக்கத்திலேயே இருப்பார். நீலச் சட்டை போட்ட ஒரு பையன் மூடிகளை மட்டும் எடுத்து மூன்று குவியலாக வைத்தான். ஒவ்வொரு குவியலிலும் எல்லா நிறமும் கலந்திருந்தது. எங்கள் தோழர் ஒருவர் குனிந்து, "செவப்பு எல்லாம் ஒரு பக்கம் வைப்பா" என்று திருத்தப் போனார். டீச்சர் தடுத்தார். "எத வச்சுப் பிரிச்சன்னு மொதல்ல அவனக் கேளுங்க." கேட்டோம். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்: "இது தண்ணி. இது கலரு. இது அப்பாவோட்து." மூன்றாவது குவியல்தான் பெரியது. டாஸ்மாக் பற்றி நாங்கள் போட்ட துண்டறிக்கைகள் எதிலும் இவ்வளவு தெளிவான புள்ளிவிவரம் இல்லை. டீச்சர் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "சரியாப் பிரிச்சிருக்கடா."

ஒரு நாள் நடுக்காலையில் ஒரு அம்மா கோபமாக வந்தார். "இன்னா டீச்சர், மூணு மாசமா வர்றான், ஏ பி சி டி ஒண்ணு தெரில. எந்நேரமும் மண்ணுலயே ஆடிட்டுக் கீறான்." பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி இங்கிலீஷ் நர்சரிக்குப் போகிறது, வீட்டுப்பாடம் எழுதுகிறது. டீச்சர் அவர் மகனைக் கூப்பிட்டு ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்தார். விரல்களுக்குப் பலம் வராமல் பென்சிலைப் பிடித்தால் என்ன ஆகும், மண்ணை அள்ளுவதும் காகிதத்தைக் கிழிப்பதும் மணி கோப்பதும் எதற்காக என்று கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். சமாதானம் ஆனாரா என்று தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எழுத்தைத் தொடவே விடாமல் வைக்கப்பட்டிருந்த சமூகம் நம்முடையது. சதாரா பள்ளியில் சிறுவன் அம்பேத்கர் தனி மூலையில் உட்காரத் தன் சாக்கைத் தானே சுமந்துபோனதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த நினைவுள்ள வீட்டில், பிள்ளை கையில் சிலேட்டு இல்லாவிட்டால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னையில் வசதியானவர்கள் இதே மண்ணுக்கும் கட்டைக்கும் மணிகோப்புக்கும் மாண்டிசோரி என்ற பெயரில் பெரும்பணம் கட்டுகிறார்கள். அவர்கள் பிள்ளை ஆடினால் கல்வி. நம் பிள்ளை ஆடினால் வெட்டிப்பொழுது.

விளையாட்டுக் கல்வி நம் மக்களுக்குப் புதிதும் இல்லை. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-இல் தன் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். ஆல்காட் 1894-இல் அடையாறு பக்கம் பஞ்சமர் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர் அது பல பள்ளிகளாக வளர்ந்தது. அங்கே வேலை செய்த அமெரிக்க ஆசிரியைகள் கிண்டர்கார்ட்டன் முறையைக் கையாண்டார்கள். அவர்களில் ஒருவரான கோர்ட்ரைட் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததைப் பற்றி 1906-இல் ஒரு சிறு நூலே எழுதினார். அந்த முயற்சியில் இருந்த கருணைப் பார்வையை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். அது வேறு கட்டுரை. நூறு வருடத்துக்கு முன்பே சென்னைச் சேரிகளின் பிள்ளைகள் ஆடிப்பாடிக் கற்றார்கள் என்பது மட்டும் இங்கே போதும்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

அறையின் ஒரு மூலையில் வீட்டு விளையாட்டுக்கு இடம். கொட்டாங்குச்சி, உடைந்த அடுப்பு, பழைய தாவணி. அன்று டீக்கடை. நான்கு வயதுப் பெண் ஒருத்தி கடைக்காரி. இரண்டு செங்கல் மீது ஒரு பலகை, அதுதான் பெஞ்சு. ஒருவர் பின் ஒருவராக வந்து டீ குடித்துப் போனார்கள். பிறகு அந்த நீலச் சட்டைப் பையன் வந்தான். கொஞ்சம் தள்ளி நின்றான். வேப்பிலைக் காசைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தான். அவள் அதை எடுத்துக்கொண்டாள். ஒரு கொட்டாங்குச்சியைத் தரையில் வைத்தான். அவள் கையை உயர்த்தி, மேலிருந்து ஊற்றினாள். பெஞ்சு காலியாக இருந்தது. அவன் அதில் உட்காரவில்லை, குத்துக்காலிட்டுக் குடித்தான். குடித்ததும் கொட்டாங்குச்சியை மண் போட்டுத் தேய்த்து, ஓரமாகக் கவிழ்த்து வைத்தான்.

யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு பேரும் காலனிப் பிள்ளைகள். இருவருக்கும் முழு நாடகமும் தெரிந்திருந்தது.

எங்களில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருவர் எழுந்து ஏதோ சொல்லப் போனார். இரட்டைக் குவளைக்கு எதிராக வழக்குப் போட்டவர், மறியல் செய்தவர். நாலு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. டீச்சர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, தானே கடைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து, "யம்மா, ஒரு டீ குடுங்க" என்று வேப்பிலையை அவள் உள்ளங்கையில் வைத்தார். டீயைக் கையில் வாங்கினார். பிறகு பக்கத்தில் இடத்தைத் தட்டி, "அவரையும் ஒக்காரச் சொல்லுங்க" என்றார்.

"அவுரு ஒக்கார மாட்டாரு" என்றாள் கடைக்காரி.

"ஏன்?"

"அவுரு தாத்தா."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவன் அவனாக வரவில்லை. அவன் தாத்தாவாக வந்திருந்தான். அந்தத் தாத்தா ஊர்த்தெருக்காரர் ஒருவரின் நிலத்தில் வேலை பார்க்கிறார். பேரனையும் சில நாள் கூடக் கூட்டிப்போவார். டீக்கடையில் இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப்தான். களத்துமேட்டில் இன்னும் இப்படித்தான்.

"தாத்தாவுக்குக் கால் வலிக்குமே" என்றார் டீச்சர். பையன் அவரையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான். நுனியில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி, உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஆயாம்மா கைகழுவக் கூப்பிட்டதும் எல்லாம் கலைந்துவிட்டது.

இதற்கு மறுநாள் நல்ல முடிவு கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் அவன்தான் கடைக்காரன். வந்த எல்லோரையும் கீழே குந்த வைத்தான். டீச்சரையும். உயரத் தூக்கி ஊற்றினான். ரொம்ப சந்தோஷமாக இருந்தான். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் குந்திக் குடித்தார். மாலை பேருந்து நிறுத்தத்தில் கேட்டோம், ஏன் தடுக்கவில்லை என்று. "அவன் ஆடிப் பாக்கட்டும். நாளைக்கும் கட உண்டு" என்றார்.

நம் சட்டம் ஆறு வயதில்தான் கண் விழிக்கிறது. 2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரைக்கும்தான் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் 45-ஆவது பிரிவுக்குப் போனார்கள். அது அரசு முயல வேண்டும் என்கிற வழிகாட்டு நெறி மட்டுமே. சாதி அப்படிக் காத்திருப்பதில்லை. மூன்றரை வயதில் எங்கே நிற்பது, எப்படி வாங்குவது, எதைக் கழுவி வைப்பது எல்லாம் பாடமாகி முடிந்திருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்த வயதில் எதிர்ப்பாடம் நடக்கிற ஒரே இடம் அந்த ஓர் அறை. 1975-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆனால் டீச்சரின் நேரத்தைத் தின்பது பதிவேடுகளும் போஷன் டிராக்கர் செயலியும்தான். எடை போடும் நாளில் விளையாட்டே இல்லை. நாங்கள் இருந்த ஐந்து நாளில் ஒரு நாள் அப்படிப் போனது.

அந்தக் கிராமத்தில் இன்னொரு அங்கன்வாடியும் உண்டு, ஊர்த்தெருவில். இரண்டுக்கும் நடக்கிற தூரம்தான். அங்கும் போனோம். பொம்மைகள் அதிகம், பிள்ளைகளும் அதிகம். அங்கே உதவியாளர் காலனிப் பெண். பதினொன்றரைக்கெல்லாம் பாட்டிமார்கள் வந்து சோற்று நேரத்துக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "வீட்ல சாப்ட்டாதான் அதுக்குச் சேரும்" என்கிறார்கள்.

சேரிக்குத் தனியாக அங்கன்வாடி வந்ததே ஒரு போராட்டத்தின் பலன். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தந்து மையங்களைத் திறக்கச் சொன்னது. அதைக் குறைத்துப் பேச மாட்டோம். மூன்று வயதுப் பிள்ளை ஊர்த்தெருவைத் தாண்டிப் போய் வர முடியாத கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அதே ஏற்பாட்டில், பிள்ளைகள் மூன்று வயதிலேயே வெவ்வேறு பாயில் பிரிந்து உட்காருகிறார்கள். காலனி மையத்தை மூடிவிட்டு ஊரில் சேர்க்கலாமா என்றால், பயம். காலனிக்கு ஊர்ப் பிள்ளைகள் வருவார்களா என்றால், வரமாட்டார்கள். பேருந்தில் திரும்பும்போதெல்லாம் இதைப் பற்றிச் சண்டை போட்டோம், இன்னும் போடுகிறோம். இரண்டு தெருவுக்கும் நடுவே புறம்போக்கில் ஒரே பொதுக் கட்டடம் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட அதிகாரி, "எதுக்குங்க, நல்லா போய்க்கிட்டிருக்கு, பிரச்சனை ஆயிடும்" என்றார். நல்லா போய்க்கிட்டிருக்கு என்ற சொல்லை நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போனால் முட்டையை எண்ணுங்கள், கட்டாயம் எண்ணுங்கள். அதோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் எதை வைத்து, எவ்வளவு நேரம், யாராக மாறி விளையாடுகிறார்கள் என்றும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆங்கில எழுத்துச் சார்ட்டு வாங்கிப் போய் ஒட்டி, படம் எடுத்துப் போடாதீர்கள். எங்கள் புதிய படிவத்தில் இருபத்தொன்றாவது கேள்வி இரண்டு பக்கம் வந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் கிளம்பும்போது டீக்கடை நடந்துகொண்டிருந்தது. வேறொரு பிள்ளை கடைக்காரன். நீலச் சட்டைக்காரன், அன்று பச்சைச் சட்டை, பெஞ்சு முழுவதையும் அடைத்துக்கொண்டு காலை ஆட்டியபடி குடித்துக்கொண்டிருந்தான். அன்று அவன் யாராக வந்திருந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்களும் ஆளுக்கொரு வேப்பிலையோடு போனோம்.

"பெஞ்சுல ஆளு கீது, நில்லுங்க" என்றான் கடைக்காரன்.

நின்றுகொண்டே குடித்தோம்.