கத்திரி வெயிலும் டிரம் தண்ணீரும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

டெங்கு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வருவது என்றுதான் நம் திருவண்ணாமலையில் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கோடையில் நாம் என்ன செய்கிறோம்? குழாயில் தண்ணீர் வந்த அன்றே டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டேனே சார் என்பார்கள். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். ஏர்கூலர் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் இவற்றையும் பாருங்கள். (ஆட்டுக்கல்லை யாரும் நினைப்பதே இல்லை. மாவு அரைப்பதை விட்டு எத்தனை வருடமாயிற்று!) கொசுப்புழு பார்க்க வரும் பெண்களை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். பாவம், அவர்களும் வெயிலில்தான் வருகிறார்கள்.

போன வருடம் மே மாதம் எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். "வெயில்ல விளையாடினான், சூட்டுக் காய்ச்சல்" என்று கடையில் ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அன்று சாயங்காலமே வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லென்று ஆகிவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்து ஐந்து நாள் கழித்துத்தான் வீடு திரும்பினான். டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் விடும் நேரம்தான். வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், புரூஃபென் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

அடுத்தது கிரிவலம். சித்ரா பௌர்ணமி கத்திரியை ஒட்டியே வருகிறது. 14 கிலோமீட்டர், வெறுங்கால். வெளியூரிலிருந்து வரும் உங்கள் அத்தை, மாமாக்களிடம் பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை நடக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். வழியில் யாராவது உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிரம் கழுவுவது என்று பேசியிருக்கிறோம். தேங்காய் நார் இல்லாதவர்கள் என் வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளலாம், ஒரு சாக்கு நிறைய இருக்கிறது.