குன்னூரிலிருந்து அனந்தபுரத்துக்கு

குன்னூர்,
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

அனந்தபுரம் ஏரிக்குத் தண்ணீர் வந்ததா என்று எழுது.

போன மாதம் நீ போனில் கேட்டதற்குப் பதிலாகவே இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். "பழைய எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சு ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி வெச்சா போதாதா? அதை ஓட்டிக் காட்ட இவ்வளவு செலவு எதுக்கு?" என்றாய். அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேற்று மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயிலில் ஏறி இங்கே வந்து இறங்கியதும் பதில் தெளிவாகிவிட்டது. நின்றுபோன எஞ்சினில் இரும்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. அதை ஓட்டத் தெரிந்த கை அதோடு போய்விடுகிறது.

மேட்டுப்பாளையத்தில் முதலில் என் கண்ணில் பட்டது எஞ்சின் இல்லை, தண்டவாளம். நம் விழுப்புரம் சந்திப்பில் சின்ன வயதில் பார்த்தோமே, அதே ஒரு மீட்டர் அகலம். சென்னை, காட்பாடி, புதுச்சேரி, மாயவரம் என்று விழுப்புரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அந்தக் காலத்தில் மீட்டர் கேஜ்தான். இன்று எல்லாமே அகலப் பாதை. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் பயணிகள் ரயில் ஓடுவது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை போகும் இந்த 46 கிலோமீட்டரில் மட்டும்தான். நீ சைக்கிளில் விழுப்புரம் வரை போய் எஞ்சின் நம்பர்களை நோட்டில் குறித்துக்கொண்டு வருவாயே, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?

கல்லாறு வரை ரயில் சமவெளியில் சாதாரணமாகத்தான் போகிறது. கல்லாறில் வேகம் அடியோடு குறைகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஆரம்பிக்கிற இடம் அது. ஒன்றுக்கு இரண்டாகப் பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம். அதனால் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆப்ட் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. இந்தியாவில் வேறெங்கும் பல்சக்கர ரயில் கிடையாது. ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். நடுவில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 1891-இல் வேலை தொடங்கி, குன்னூர் வரை 1899-இல் ரயில் விட்டார்கள். ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆகிவிட்டது.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். உனக்குப் பிடிக்கும். இது எக்ஸ் வகுப்பு எஞ்சின், சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊரின் தொழிற்சாலை வடிவமைத்தது. சிலிண்டர் நான்கு: பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பல் பாதையில் ஏறியதும், கீழ் ஜோடியில் வேலை செய்து முடித்த ஆவி வெளியே போகாமல் மேல் ஜோடிக்குப் போகிறது. மேல் ஜோடி பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. மேலும் கீழும் வேறு வேறு வேகத்தில் அடித்துக்கொள்வதால் மலை ஏறும்போது கேட்கிற தாளம் நாம் விழுப்புரத்தில் கேட்ட தாளமே இல்லை. இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி இருக்கிறது. இறங்கும்போது ஆவியை நிறுத்திவிட்டு, அதே சிலிண்டர்களைக் காற்றை அமுக்க வைத்து வேகத்தைப் பிடிக்கிறார்கள்.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே டிரைவருக்கு முன்னே பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பச்சைக் கொடியைக் காட்ட, அடுத்தவர் பார்த்துக் காட்ட, அது கைக்குக் கை மாறி டிரைவரிடம் வருகிறது. என் பெட்டியில் இருந்தவர் கல்லாறு முதல் குன்னூர் வரை ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஒரு கை பிரேக் சக்கரத்தில், கண் பாதையில். பல் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை; அந்த வேகத்துக்கே இவ்வளவு பேர்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. எல்லோரும் வடையும் டீயும் வாங்க இறங்க, நான் எஞ்சின் பக்கம் போனேன். டிரைவர் கையில் நீள மூக்கு எண்ணெய்க் கேன். ஒவ்வொரு பேரிங்கிலும் புறங்கையை ஒரு நொடி வைத்துப் பார்க்கிறார், பிறகு எண்ணெய் விடுகிறார். ஒரு இடத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஃபிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "குன்னூர்ல பார்த்துக்கலாம், தாங்கும்" என்றார். எவ்வளவு சூடு வரை தாங்கும் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கு தனக்கும் இன்னொரு பெரியவர் பக்கத்தில் நின்று கைவைக்கச் சொல்லித்தான் வந்தது என்றார் ஃபிட்டர்.

என் பெட்டியில் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் வைட்ஹெட் என்ற கடலோர ஊரில், ரயில்வே பிரிசர்வேஷன் சொசைட்டி ஆஃப் அயர்லாந்து என்ற சங்கம் இருக்கிறது. அங்கே சனி ஞாயிறுகளில் பாய்லர் குழாய் சுரண்டுவதுதான் இவர் வேலை. சம்பளம் கிடையாது. அயர்லாந்தில் நீராவி எஞ்சின்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்த 1964-இல், கொஞ்சம் ரயில் பிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம். 1879-இல் கட்டிய 186-ஆம் எண் எஞ்சினும், 1913-இல் கட்டிய ஸ்லீவ் கல்லியனும், 1947-இல் வந்த 4-ஆம் எண்ணும் அவர்கள் கையில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் நிறுத்துவதற்கு மட்டும் அல்ல, பெரிய ரயில்வே பாதையிலேயே ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்கும்.

அவர் சொன்னதில் ஒன்று எனக்கு ரொம்பப் பட்டது. அயர்லாந்துப் பாதையின் அகலம் 5 அடி 3 அங்குலம். பக்கத்திலிருக்கும் இங்கிலாந்தில் 4 அடி எட்டரை அங்குலம். அதனால் அங்கே நூற்றுக்கணக்கில் பழைய எஞ்சின்கள் ஓடினாலும் ஒன்றைக்கூட இரவல் வாங்கி வந்து அயர்லாந்தில் ஓட்ட முடியாது. உடைந்தால் தாங்களே சரிசெய்ய வேண்டும், இல்லாததைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். வட அயர்லாந்தில் ஓடிய டபிள்யூ வகுப்பு மோகல் எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் உடைக்கப்பட்டுவிட்டதால், 105 என்று எண் கொடுத்து ஒன்றைப் புதிதாகவே கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்களாம்.

நீலகிரியின் கதையும் அதேதான். சுவிட்சர்லாந்திலிருந்து கடைசியாக எஞ்சின் வந்தது 1952-இல். இந்த எஞ்சினுக்கு உதிரிப் பாகம் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் திருச்சி பொன்மலை ஒர்க் ஷாப்பில் பழையவற்றை அளந்து, வரைந்து, வார்த்து, புதிய எக்ஸ் எஞ்சின்களையே கட்டினார்கள். முதலில் எண்ணெயில் எரிவது, பிறகு 2021-இல் நிலக்கரியில் எரிவது. நேற்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்ததும் பொன்மலையில் பிறந்ததுதான். புதிதாகக் கட்டியதை எப்படிப் பாரம்பரியம் என்று சொல்வது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இந்தக் காலத்தில் ஒரு நீராவி எஞ்சினை முதல் ஆணியிலிருந்து கட்டத் தெரிந்த ஆட்கள் திருச்சியில் இருக்கிறார்கள் என்றால், பாதுகாக்கப்பட்டது அதுதான். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வழக்கமாக டீசல் இழுக்கிறது. பல் பாதை முடிந்துவிட்டதால் அதில் எனக்கு வருத்தம் பெரிதாக இல்லை.

அயர்லாந்தின் கார்க் நகர ரயில் நிலையத்தில் 1847-இல் கட்டிய 36-ஆம் எண் எஞ்சின் கண்ணாடி போலத் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது என்றார் பெல்ஃபாஸ்ட் பெரியவர். அழகுதான், ஆனால் அதை ஓட்டியவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்க ஆளில்லை என்றார். நம் சென்னையில் இதற்கு மாறான காரியம் ஒன்று நடந்திருக்கிறது. இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் 1855-இல் லீட்ஸில் கிட்சன் கம்பெனி கட்டியது. வேலையிலிருந்து நிறுத்தி நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் பிரித்து மேய்ந்து 2010-இல் ஓட வைத்தது. எழும்பூரிலிருந்து அது புகை விட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்க்க ஜனம் மேம்பாலத்தில் நெருக்கியடித்து நின்றது. நூறு வருஷம் நின்றதை ஓட்டுவதற்கு அங்கே எத்தனை பேர் எத்தனை விஷயங்களைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்திருக்கும், நினைத்துப் பார்.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது நம் பக்கம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். இந்த மலை ரயில் 2005-இலேயே ஏறிவிட்டது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. செஞ்சி ராஜகிரியின் சுவரை ஒரு வருஷம் யாரும் தொடாவிட்டாலும் அது நிற்கும். பனமலைக் கோயில் பார்வதி ஓவியத்தில் மிச்சமிருப்பதைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது. எஞ்சினைத் தினமும் தொட்டாக வேண்டும்.

திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை பாதையை 2006-07 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது வரும்போது வரட்டும், அதில் ஓடுவது புது வண்டியாகத்தான் இருக்கும். நான் உன்னிடம் கேட்பது வேறு. விழுப்புரம் ரயில்வே காலனியிலும் சுற்று ஊர்களிலும் மீட்டர் கேஜ் நீராவியில் வேலை பார்த்த ஃபயர்மேன்கள், ஃபிட்டர்கள் சிலராவது இருப்பார்கள். எல்லோருக்கும் வயது எண்பதை நெருங்கியிருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார். காலையில் நெருப்பு எப்படி மூட்டினார்கள், பாய்லர் கழுவ எத்தனை பேர், கரி மோசமாக வந்தால் ஆவியை எப்படிப் பிடித்தார்கள், பேரிங் சூட்டை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டு, போனில் பதிவு செய். உன் பையனையும் கூட்டிப் போ. பழைய நம்பர் நோட்டையும் எடுத்துப் போ, நம்பரைச் சொன்னால் அவர்களுக்கு அந்த எஞ்சினின் குணமே ஞாபகம் வரும்.

புதன்கிழமை இங்கிருந்து கிளம்பி பொன்மலை வழியாக வருகிறேன். நீ தொடங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை நானும் விழுப்புரத்துக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்